பெல்ட்டில் வந்த பழுப்புச் சீஸ்

ஃபோர்ட் ஹால்டன், மினசோட்டா
ஜனவரி 11, 2019

லைலுக்கு,

உன் நம்பரைப் போனில் தடுத்து வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதைத் திறக்கிற உத்தேசம் இல்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும், அதனால்தான் இந்தக் காகிதம். நீயே தபால்காரன். எப்படியும் உன் கைக்கு வந்து சேரும்.

நேற்று எங்கள் ஏர்போர்ட்டில் நடந்ததை டிவியில் பார்த்திருப்பாய். பார்க்காத மாதிரி நடிக்காதே.

பட்ஜெட் தகராறில் அரசாங்கத்தை மூடிவிட்டுத் தலைநகரில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் அத்தியாவசியமான ஆட்களாம். வேலைக்கு வர வேண்டும், சம்பளம் மட்டும் கிடையாது. பாதுகாப்புச் சோதனையில் என்னோடு நிற்கிறவர்களில் பாதிப் பேருக்குத் திடீரென்று காய்ச்சல் வந்துவிட்டது. ஒருவர் டாக்ஸி ஓட்டுகிற காய்ச்சல், இன்னொருவர் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற காய்ச்சல். மிச்சம் இருக்கிற நாங்கள்தான் இழுத்துக்கொண்டு போகிறோம். இதற்கு நடுவில், மேலிடத்திலிருந்து பயணி வேஷத்தில் ஆள் வரப்போகிறது, பையில் பொய்க் குண்டு இருக்கும், சம்பளம் இல்லாதவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள் என்று ஒரு பேச்சு. எங்களுக்கு யாரைப் பார்த்தாலும் அந்த ஆளோ என்றே தோன்றுகிறது.

நான் எக்ஸ்ரே முன்னால் இருந்தேன். ஒரு வயதான அம்மாவின் துணிப்பை உள்ளே வந்தது. ஸ்கிரீனில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு செங்கல், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு. மேலே ஒரு கம்பி. பக்கத்தில் பேட்டரிகள், அவற்றிலிருந்து நெளிந்து போகிற ஒயர். பயிற்சியில் எங்களுக்குக் காட்டுகிற படம் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். பெல்ட்டை நிறுத்தினேன். என்னோடு வேலை செய்கிற வெண்டல் அந்த அம்மாவிடம் போய்ப் பை யாருடையது என்று கேட்டார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"பை என்னோடதுதான். உள்ள இருக்கறது என்னோடது இல்லப்பா. அதோ மெஷினைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே, அந்தப் பொண்ணுக்கு. அதைத் தொறந்தா என்னன்னு அதுக்கே புரியும்."

அதன் பிறகு நான் வேறு என்ன செய்ய முடியும்? பொத்தானை அழுத்தினேன். கட்டடத்தையே காலி செய்தார்கள். குழந்தைகளும் கிழவர்களும் கோட்டுகூடச் சரியாகப் போடாமல் பனியில் நின்றார்கள். விமானங்களைத் திருப்பி அனுப்பினார்கள். குண்டு அகற்றுகிற இயந்திரம் வந்து அந்தப் பையைத் தண்ணீர் பீய்ச்சிக் கிழித்தது. வெளியே வந்து விழுந்தது இரண்டு கட்டி பழுப்புச் சீஸ், சீஸ் வெட்டுகிற கம்பி, பேட்டரியில் சூடாகிற ஒரு ஜோடி காலுறை, ஈரத்தில் ஊறிய ஒரு அட்டை. 'கரினுக்கு, லைல்.'

இப்போது கேள்விக்கு வருகிறேன். கடை கொள்ளாத பண்டம் இருக்கும்போது அந்தச் சீஸை ஏன் எடுத்தாய்? உனக்கு யார் என்ன சொன்னார்கள்? அதுவும் தபால்காரன் தபாலில் அனுப்பாமல், என் பெல்ட்டுக்கே வந்து சேருகிற மாதிரி ஏன் அனுப்பினாய்?

சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

கரின்


ஹால்வர் ஏரி
ஜனவரி 14, 2019

அக்கா,

தபால் பிரிக்கிற மேஜையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிரித்துப் படித்தால் செத்தது சீஸ்.

முதலில் அக்னெஸ் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர். குளிர் தாங்காமல் வருஷா வருஷம் அரிசோனாவில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விடுவார். விமானம் பிடிக்க உங்கள் ஊருக்குத்தானே வர வேண்டும். அதனால் அவரிடம் கொடுத்தேன். "உள்ள போறதுக்கு முன்னாடி கரினைக் கூப்பிடச் சொல்லி கையில குடுத்துருங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். இப்போது கேட்டால், "எல்லாத்தையும் பெல்ட்ல வைக்கச் சொல்லி போர்டு இருந்துச்சு, வெச்சேன். அந்தப் பக்கம் உன் அக்காதானே இருந்தா, எடுத்துக்கட்டுமேன்னு விட்டுட்டேன்" என்கிறார். அவரை உட்கார வைத்து மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டார்களாம். அதைப் பெருமையாக அரிசோனா முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

தபாலில் ஏன் அனுப்பவில்லை என்று எந்த முகத்தோடு கேட்கிறாய்? போன வருஷம் உன் பிறந்தநாளுக்கு ஒரு பார்சல், கிறிஸ்துமஸுக்கு ஒரு பார்சல் அனுப்பினேன். இரண்டும் 'பெற மறுப்பு' என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தன. அந்த முத்திரையை ஊரில் இருக்கிறவர்கள் பார்சலில் எல்லாம் குத்துகிறவன் நான். என் பெயருக்கே அது வந்தபோது ஆபீசில் எல்லாரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். மூன்றாவது தடவையும் அவமானப்பட எனக்கு மனசில்லை.

சரி, இப்போது நான் கேட்கிறேன். ஆரஞ்சு செங்கல் பார்த்தாயாம், பயந்துவிட்டாயாம். சின்ன வயசிலிருந்து நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மேஜையில் பார்த்த செங்கல்தானே அது? அந்தக் கம்பி அப்பாவுடையது, கைப்பிடியில் கீறல் விழுந்தது, உனக்குத் தெரியாதா? எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அது என்னிடமிருந்து வந்தது என்று தெரிந்தேதான் பொத்தானை அழுத்தினாய். என் பெயர் டிவியில் நாறட்டும் என்று.

உன்னால் முடியாதது இல்லை. அப்பாவை என்ன செய்தாய்? சியாட்டில் அத்தையைப் பார்க்க நானும் அவரும் கிளம்பினோம். வீல்சேரில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனுஷன். பெற்ற மகள் சோதனை வாசலில் நிற்கிறாள், சட்டென்று உள்ளே அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். நீ அவரைத் தனி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாய். வெளியே வந்தபோது கல் மாதிரி முகம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தோற்றத்தை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த மாதமே தூக்கத்தில் போய்விட்டார்.

இறுதிச் சடங்கு முடிந்து சர்ச்சில் சாப்பிடும்போது, "பெட்டியை மூடறதுக்கு முன்னாடி உன் கருவியால ஒரு தடவை தடவிப் பாத்துரு" என்று சொன்னேன். சொல்லவில்லை என்று சாதிக்க மாட்டேன்.

லைல்


ஃபோர்ட் ஹால்டன்
ஜனவரி 17, 2019

லைல்,

எக்ஸ்ரேயில் பெயர் தெரியாது. கீறலும் தெரியாது. அட்டை வெறும் காகிதம், அது நிழலாகக்கூட விழாது. சீஸ் எப்படித் தெரியுமோ, வெடிமருந்தும் அப்படியேதான் தெரியும். இதை உனக்கு விளக்க வேண்டியிருக்கிறது பார். தெரிந்தே அழுத்தினேன் என்று என் தம்பி எழுதுகிறான். அதையே விசாரணைக்காரியும் கேட்கிறாள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களா?

விஷயம் பெரிதாகிவிட்டது. என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். சம்பளமில்லாத வேலையிலிருந்து சம்பளமில்லாத விடுப்பு. சிரிக்காதே. ப்ரூயிட் என்று ஒரு அம்மாள் வந்து விசாரிக்கிறாள். அவள் கணக்கு இது. சோதனையில் இருக்கிற அதிகாரிக்கு ஒரு பொட்டலம் வருகிறது. அனுப்பியது அவளுடைய சொந்தத் தம்பி. கொண்டுவந்த அம்மாள் 'இவளுக்கே புரியும்' என்கிறாள். கட்டடம் காலியாகிறது. டிவிக்காரர்கள் குண்டு வண்டிக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். சம்பளம் தராத அரசாங்கத்துக்குப் பாடம் புகட்ட அக்காவும் தம்பியும் சேர்ந்து போட்ட நாடகம் இது என்கிறாள்.

"நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லைங்க" என்றேன்.

"பேசிக்காதவரு எதுக்குங்க உங்களுக்குக் காலுறை அனுப்பணும்?" என்று கேட்டாள்.

நாடகம் என்று முடிவானால் என் வேலை போய்விடும். இந்த வயதில், இப்படிப்பட்ட பெயரோடு, எனக்கு யார் வேலை தருவார்கள்? வீட்டை எப்படிச் சூடாக்குவேன் என்று இப்போதே கவலை. அடுப்பங்கரையில் மட்டும் ஹீட்டர் போட்டுக்கொண்டு அங்கேயே படுக்கிறேன்.

அவள் உன்னையும் விசாரிப்பாள். நீ என்ன சொல்லப் போகிறாய்? என் மேல் இருக்கிற ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. அதை யோசித்துத்தான் இதெல்லாம் செய்தாயோ என்றுகூடத் தோன்றுகிறது.

இன்னொன்று. உன் உறையை யாரோ இரண்டு தடவை ஒட்டியிருக்கிறார்கள். மடிப்பில் பழைய பசை கிழிந்திருக்கிறது. என் தொழிலில் இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது. யார் பிரித்தார்கள்?

சீஸ் ஏன் என்று கேட்டேன். இரண்டு பக்கம் எழுதினாய், அதற்கு மட்டும் பதில் இல்லை.

கரின்


ஹால்வர் ஏரி
ஜனவரி 20, 2019

அக்கா,

உறையைப் பிரித்தது நான்தான். ஒட்டின பிறகு, சர்ச்சில் சொன்னதைப் பற்றிய அந்த வரியை அடித்துவிடலாமா என்று பிரித்தேன். அடிக்க வேண்டாம் என்று மறுபடி ஒட்டினேன். அவ்வளவுதான். என் தபாலில் வேறு யாரும் கை வைக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னைச் சந்தேகப்படாதே, கோபம் வருகிறது.

ப்ரூயிட் போன் செய்தாள். அதுவும் எப்படி, என் போஸ்ட்மாஸ்டர் மூலமாக. நான் வண்டியில் தபால் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் வந்து, "லைல், ஏதோ குண்டு விஷயமா உன்கூடப் பேசணுமாம்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். எல்லாரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டார்கள். நானும் அரசாங்கச் சீருடைதான் போட்டிருக்கிறேன் என்பதை மறந்துவிட்டாயா? இந்த முடக்கத்தில் தபாலுக்கு மட்டும் சம்பளம் வருகிறது, அதற்கே உனக்கு என் மேல் கடுப்பு இருக்கும். 'எல்லாம் என் தம்பியின் வேலை, என்னைக் கவிழ்க்கச் செய்தான்' என்று நீ ஒரு வரி எழுதிக் கொடுத்தால் உன் வேலை தப்பிக்கும், என் வேலை போகும். அதை நீ எழுதிக் கொடுத்துவிட்டாயா? மறைக்காமல் சொல்.

வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறாள். பனியில் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டும்.

காலுறை என்னுடையது மாதிரியே வாங்கினது. நான் நடந்து போய்த் தபால் போடும்போது மாட்டிக்கொள்வேன். உனக்குச் சம்பளம் வராது, நீ வீட்டு ஹீட்டரைத்தான் முதலில் குறைப்பாய் என்று தெரியும். அப்பாவும் அதைத்தான் செய்வார்.

சீஸ் பற்றிக் கேட்கிறாய். எழுதக் கூடாது என்று இருந்தேன். அப்பாவுக்கு இதயம் பெருத்துவிட்டது, உப்பு, கொழுப்பு எதுவும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். கூட இருந்தவன் நான். அவர் வேறு எதையும் கேட்கவில்லை. "ஒரே ஒரு துண்டுடா, ரொட்டி மேல வெச்சா வெளிச்சம் தெரியற அளவுக்கு மெல்லிசா" என்று அந்தச் சீஸை மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பார். நான் கொடுக்கவில்லை. வீட்டில் வாங்கி வைக்கவே இல்லை. கடைக்காரனிடம்கூட, கிழவர் வந்தால் கொடுக்காதே என்று சொல்லி வைத்தேன். அத்தை வீட்டில் ஒரு நாள் அவர் தட்டில் அதைப் பார்த்துவிட்டு, "நீங்கதானே குடுத்தீங்க" என்று அத்தையோடு சண்டை போட்டேன். இத்தனை செய்தும் அவர் போய்விட்டார். கொடுத்திருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும்?

இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கடையில் அதை அடுக்கி வைத்திருந்தார்கள். கை தானாகப் போய் எடுத்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் சாப்பிட முடியவில்லை. தூக்கிப் போடவும் மனசில்லை. ஏர்போர்ட்காரர்களுக்கு ஊர் மக்கள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதை டிவியில் காட்டினார்கள். சரி, நீயாவது சாப்பிடு என்று அனுப்பினேன். இதில் யார் எனக்கு என்ன சொல்ல வேண்டியிருக்கிறது? திரும்பத் திரும்ப அதையே கேட்கிறாயே, எனக்குத் தெரியாமல் என்ன இருக்கிறது?

லைல்


ஃபோர்ட் ஹால்டன்
ஜனவரி 22, 2019

லைல்,

நேற்று தபால் விடுமுறை. உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. அதனால் இதை அவசரமாக எழுதுகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் உனக்குக் கிடைக்க வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் உன் இலாகாவைத்தான் திட்டுவேன்.

சீஸ் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியவில்லை. விசாரணை முடியட்டும்.

உன்மேல் பழி போட்டு நான் ஒரு வரியும் எழுதிக் கொடுக்கவில்லை. நம்பினால் நம்பு. "உங்க தம்பிக்கு உங்க மேல பகையா?" என்று கேட்டாள். "இருக்கு, ஆனா குண்டு வைக்கற அளவுக்கு அவனுக்குச் சுறுசுறுப்பு கிடையாது" என்றேன். அதை எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை உன்னை என்ன கேட்பாள் என்று தெரியும். என்னிடம் கேட்டாள். "சொந்தக்காரங்க வந்தா நீங்க சலுகை காட்டறது உண்டா? முன்னாடி எப்பவாவது குடும்பத்துக்காக விதியை வளைச்சிருக்கீங்களா?" இதில்தான் எல்லாம் நிற்கிறது. அப்படி ஒரு தடவை வளைத்திருந்தாலும் இதையும் செய்திருப்பாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இல்லை என்று நான் சொன்னால் எந்தத் திருடி ஒப்புக்கொள்வாள் என்பார்கள். அதனால் ஒரே பதில் சொன்னேன்.

"என் தம்பியைக் கேளுங்க."

உன்னைவிட என்னை வெறுக்கிறவன் அவளுக்குக் கிடைக்க மாட்டான். அப்பா விஷயத்தைச் சொல்லத்தான் போகிறாய். சொல். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல், கூட்டாதே, குறைக்காதே. வேறு எதையும் உன்னிடம் கேட்க எனக்கு வழி இல்லை. என் வேலை இப்போது உன் வாயில் இருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

வரும் வழியில் ஏரிச் சாலை வழுக்கும். பெரிய சாலையில் வா.

கரின்


ஹால்வர் ஏரி
ஜனவரி 26, 2019

அக்கா,

வந்தேன், பேசினேன், திரும்பிவிட்டேன். உன் வீட்டுத் தெரு வழியாகத்தான் போனேன். அடுப்பங்கரை விளக்கு மட்டும் எரிந்தது. வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால், நாடகக் கம்பெனி கூடிவிட்டது என்று ப்ரூயிட் சொல்லிவிடுவாள். அதோடு, கதவைத் திறப்பாயோ மாட்டாயோ என்றும் தெரியவில்லை.

வானொலியைப் போட்டால் அரசாங்கத்தைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி. இத்தனை அமர்க்களத்துக்கும் முடிவு இவ்வளவு சப்பென்று வரும் என்று நினைக்கவில்லை.

ப்ரூயிட் சின்ன அறையில் உட்கார வைத்தாள். நீ சொன்ன கேள்வியையே கேட்டாள். "உங்க அக்கா குடும்பத்துக்காக எப்பவாவது விதியை வளைச்சிருக்காங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவளா?" என்றேன்.

பிறகு சொன்னேன். அப்பா கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த ஆத்திரத்தோடுதான் ஆரம்பித்தேன், உன்னிடம் மறைப்பானேன். "எங்கப்பாவால எழுந்து நிக்க முடியாது. வெளியில இருந்து நான் கெஞ்சறேன், விட்டுரு அக்கா, நம்ம அப்பாதானேன்னு. திரும்பிக்கூடப் பாக்கல. இது என் அப்பா, நான் சோதிக்கக் கூடாது, நீங்க சோதிங்கன்னு வெண்டலைக் கூப்பிட்டா. ரெண்டாவது ஆள் இருக்கணும்கறது விதின்னு கூடவே உள்ள போய் நின்னா. வரும்போது மூஞ்சியில ஒரு ஈரம் இல்லை. பெத்த அப்பனுக்கே சலுகை காட்டாதவ, பேசாத தம்பிக்காகவா ஏர்போர்ட்டை மூடப் போறா?"

சொல்லி முடித்ததும் எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. ஒரு வருஷமாக இதே வார்த்தைகளைச் சர்ச்சில் சொன்னேன், மதுக்கடையில் சொன்னேன், அக்னெஸ் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அவருக்கே மனப்பாடம். எப்போதும் உன்மேல் குற்றமாகத்தான் சொன்னேன். அந்த அறையில் அதே வார்த்தைகளைச் சொல்லும்போது அது உனக்கு நற்சான்றிதழாகக் கேட்டது. நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

ப்ரூயிட் பேனாவை மூடிவிட்டு, "உங்க அக்கா மேல உங்களுக்கு ரொம்ப மரியாதை போல" என்றாள். "சேச்சே" என்றேன்.

சரி, விதி விதிதான். உள்ளே அழைத்துக்கொண்டு போனது சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த முகம், அக்கா. விதியில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறதா? அப்பா உன்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவர் தோளில் ஒரு தடவை கை வைத்திருக்கலாம். அதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

லைல்


ஃபோர்ட் ஹால்டன்
பிப்ரவரி 1, 2019

தம்பி,

மழை வந்தாலும் பனி வந்தாலும் தபால் நிற்காது என்று சின்ன வயசிலிருந்து மார் தட்டுகிறாய். இந்த வாரம் குளிருக்குப் பயந்து வண்டியை நிறுத்திவிட்டீர்களாமே. எங்கள் பெல்ட் ஓடியது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். 'முறைப்படி நடந்துகொண்டார்' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார்கள். வெண்டல் எழுந்து நின்று கைதட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இனி நான் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். விசாரணை நடக்கும்போது சொல்லியிருந்தால், உன்னை என் பக்கம் இழுப்பதற்காகச் சொன்னதாக ஆகியிருக்கும். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. ஒரு வருஷமாகச் சொல்லாததற்குக் காரணம் பயம். உன் பொட்டலத்தில் அந்தச் சீஸ் இருந்தது என்று தெரிந்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டது, குத்திக் காட்டத்தான் அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் யார் சொன்னது, யார் சொன்னது என்று உன்னைக் குடைந்தேன்.

அன்றைக்கு நாங்கள் கதவைச் சாத்தினதும் வெண்டல், "ஐயா, கொஞ்சம் முன்னாடி சாஞ்சுக்கறீங்களா, மெத்தைக்கு அடியில பாக்கணும்" என்றார். அப்பா சாய மறுத்துவிட்டார். வெண்டல் மெத்தைக்கு அடியில் கை விட்டார். கையில் ஒரு கட்டி வந்தது, காகிதத்தில் சுற்றி, நூல் போட்டுக் கட்டினது. பழுப்புச் சீஸ். முழுக் கட்டி. கடைக்காரனிடம் நீ சொல்லி வைத்தாய் அல்லவா, அப்பா உன் அக்னெஸ் அம்மாவை விட்டு வாங்கியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு இந்த வேலை புதிதில்லை.

வெண்டல் அதைத் துடைத்து மெஷினில் சோதிக்க வேண்டியிருந்தது, அதனால்தான் அவ்வளவு நேரம். வெறும் சீஸ், கொண்டு போகலாம் என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்தார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லா தடவிப் பாத்தீங்க, ஒரு துண்டு தின்னும் பாருங்க" என்று அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். வெண்டல், "பயணிங்ககிட்ட நாங்க எதுவும் வாங்கக் கூடாதுங்க ஐயா" என்றார். "நான் குடுக்கல, நீங்க வாங்கல. நான் பிடிச்சுக்கறேன், நீங்க கடிங்க" என்றார் அப்பா. வெண்டல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார்.

நான் சொல்லித்தான் பார்த்தேன். "அப்பா, இது உங்களுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டர் சொன்னதை எல்லாம் உன் தம்பி கேட்டுக்கறான். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டா போதும். நானும் அத்தையும் இதைக் காப்பியோட தின்னு வருஷக்கணக்காச்சு. கரின், அவன்கிட்ட மூச்சு விடாத. அவன் எனக்காக ராத்திரி பகல்னு அலையறான், தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு போயிருவான்" என்றார். நான் வாக்குக் கொடுத்தேன். நீ சர்ச்சில் அப்படிச் சொன்னபோதும் அந்த வாக்கு இருந்தது. அதோடு, நீ கேட்டால் அந்தக் கட்டிதான் அப்பாவைக் கொன்றது, நீதான் கண்டும் காணாமல் விட்டாய் என்பாயோ என்று பயம். நானே பல நாள் அப்படி நினைத்துக்கொண்டு கிடந்தேன். இப்போதும் சில சமயம் நினைக்கிறேன். நீ என்ன நினைப்பாயோ நினை. ஆனால் அவர் கேட்டும் நான் கொடுக்கவில்லையே என்று நீ எழுதினாயே, அதைப் படித்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை. அவருக்குக் கிடைத்தது, லைல். அத்தை வீட்டில் நீ பிடித்தாயே, அது அத்தை கொடுத்தது இல்லை. அவர் கொண்டுபோனது. நீ தூங்கின பிறகு அண்ணனும் தங்கையும் எழுந்து தின்றார்களாம். கட்டி முழுக்கக் காலி. அத்தையிடம் கேட்டுப் பார், முதலில் மன்னிப்பும் கேள்.

அப்புறம் அந்த முகம்.

கதவைத் திறக்கிறதுக்கு முன்னால் அப்பா கட்டியை மடியில் வைத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "வெளிய நிக்கறான். உன் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிருவான். கடுகடுன்னு வெச்சுக்கோ. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கறேன். என்னைப் பாக்காத, பாத்தா ரெண்டு பேரும் சிரிச்சுருவோம்" என்றார்.

அதனால்தான் தோளில் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். கதவிலிருந்து உன்னிடம் வந்து சேருகிற வரைக்கும் உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டே வண்டியைத் தள்ளினேன். நீ பார்த்தது கல் முகம் இல்லை, தம்பி. சிரிப்பை அடக்கின முகம். குனிந்திருந்த அவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அக்கா


ஹால்வர் ஏரி
பிப்ரவரி 4, 2019

அக்கா,

உன் கடிதத்தை வண்டியிலேயே படித்தேன். தெருவில் பாதிப் பேருக்கு இன்று தபால் போகவில்லை. நாளைக்குத் திட்டுவார்கள், திட்டட்டும்.

என் நம்பரைத் திற. இப்போதே உன்னோடு பேச வேண்டும். இந்தக் காகிதம் உன் கைக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும், அதுவரைக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

லைல்